நூலக வரைபடத்தில் ஒரு கையெழுத்து

சிகாகோ, 9 மார்ச் 1961

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் லுட்மிலா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? சீடர் ராப்பிட்ஸில் பனி விட்டதா? நான் நலம்.

எங்கள் முதலாளி பிரெண்டிஸ் இறந்து ஒரு வருடமாகிறது. அமெரிக்கக் கட்டடங்களுக்குச் சொந்த முகம் கொடுத்தவர் என்று பத்திரிகைகள் இன்னும் எழுதுகின்றன. அவருடைய வரைபடங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். அவற்றைத் தேர்ந்தெடுக்க வந்த திருமதி ஹாலோவே, நேற்று நூலகத்தின் படத்தைக் கையில் எடுத்தார்.

“இதுல மட்டும் கையெழுத்தைக் காணோமே?”

“அது நான் வரைஞ்சதுங்க. அந்த வளைஞ்ச மாடிப்படியும் என் யோசனைதான்.”

அவர் சிரித்தார். “இருக்கட்டும்மா. சனங்க வர்றது பிரெண்டிஸோட படத்தைப் பாக்கத்தானே? அவர் மாதிரியே நீ எழுதுவியாமே, பேரைப் போட்டுடேன். இல்லாட்டி இது பெட்டியிலேயே கிடக்கும்.”

பதினெட்டு வருடமாக முதலாளியின் கடிதங்களில் அவர் பெயரை எழுதிப் பழகிய கை. போட்டுவிட்டேன். அச்சு அசலாக இருந்தது. இதற்கெல்லாம் வருந்தாதீர்கள்.

அம்மாவின் கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். பிளம் ஜாமும் ஒரு பாட்டில். கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள். வேலை முடிந்தால் இங்கே பேச ஆளில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். ஒன்று மட்டும், அப்பா. மாதா கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் அந்த நூலகத்தை வரைந்தது என் பெண் என்பீர்களே, இனிச் சொல்லாதீர்கள். சாட்சியாக இருந்த ஒரே தாளை நானே கெடுத்துவிட்டேன்.

லுட்மிலா