ரேஞ்சர் ஹார்லோவும் என் பிறந்த வருடமும்

மார்ச் 3, திங்கள்

தங்கச்சியின் மகன் ரதீசன் குட்மேய்ஸிலிருந்து தொலைபேசி எடுத்தான். "மாமா, உங்கட ரேஞ்சர் ஹார்லோவைக் கண்டுபிடிச்சாச்சு" என்றான். ஐம்பத்தாறில் அமெரிக்கக்காரர் மதவாச்சிக் காட்டுக்கு வந்து எடுத்த டெலிவிஷன் தொடர் அது. அப்பா அங்கே ரெயில்வேயில் கிளாக்கர். அதில் நான் நடித்ததை, இந்த லண்டனில் நான் சொல்லாத கலியாண வீடு இல்லை. படத்தில் முதலையோடு சண்டை பிடித்தேன் என்றும் சொல்வேன்; வீட்டுக்கு வீடு அந்த முதலை ஒரு முழம் வளர்ந்தது, அது வேறு விஷயம். நம்பினவர் ஒருவருமில்லை, மனிசி சிவனேஸ்வரி முதற்கொண்டு.

நானே அதைப் பார்த்ததில்லை. அப்போது இலங்கையில் டெலிவிஷன் ஏது? அமெரிக்காவில் ஒரு ஊர் ஸ்டேஷன் போட்டு முடித்ததும் அதே பிலிம் பெட்டியை அடுத்த ஊருக்கு அனுப்புவார்களாம். அப்படி நானூறு ஊரில் என் முகம் ஓடியது. ஐந்நூறாகவும் இருக்கலாம்.

மார்ச் 7

ரதீசன் தன் வீட்டில் அந்தப் படத்தைப் போடப்போகிறானாம்; லெஸ்லி என்று ஒரு வெள்ளைக்காரனும் பார்க்க வருகிறானாம். பழைய தொடர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறானாம். என் முழுப்பெயரும் பிறந்த திகதியும் வேண்டுமாம்.

புத்தகத்துக்குத் திகதி எதற்கு?

மார்ச் 8

பாஸ்போட்டை எடுத்துப் பார்த்தேன். 1957. உண்மையில் நான் நாற்பத்தெட்டில் பிறந்தவன். எண்பத்து நாலில் என்னை லண்டனுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன், "முப்பத்தாறு வயசில ஸ்டூடன்ற் எண்டா ஆர் நம்புவான்?" என்று ஒன்பது வருடத்தைக் குறைத்துவிட்டான். அந்த ஒன்பது வருடத்தையும் பெற்றோல் செட்டில் நின்று உழைத்த பிறகுதான் பென்சன் கிடைத்தது. கடுதாசிப்படி பார்த்தால், பிறப்பதற்கு ஒரு வருடம் முந்தியே நடித்திருக்கிறேன்.

இவன் விசா விசாரிக்கிற ஹோம் ஒபிஸ் ஆளோ? இந்த வயசில என்னை எங்க அனுப்புவாங்கள்? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்தனா நான்...

மார்ச் 11

எதிர்ப் பக்கத்து பஸ் தரிப்பில் தோல் பையோடு ஒருவன். இரண்டு பஸ் போயும் ஏறவில்லை. எங்கள் கதவையே பார்த்தமாதிரி இருந்தது.

சிவனேஸ்வரி ரதீசனோடு தொலைபேசியில் குசுகுசுத்தாள். நான் உள்ளே போனதும் பேச்சை மீனுக்கு மாற்றினாள். இங்கே இப்போது என் உண்மை வயது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாய் தவறிச் சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன்.

"நீங்கள் உண்மையா நடிச்சிருந்தாலெல்லோ பயம்? புளுகுக்கு ஏன் பயப்பிடுறியள்?" என்றாள்.

மார்ச் 15, சனி

சிவனேஸ்வரியும் நானும் ரதீசன் வீட்டில் படம் பார்த்தோம். மதவாச்சிக் காட்டில் வரிக்குதிரை ஓடியது. வேறெங்கோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பிறகு, கையில் ஈட்டியோடு ஒரு பையன் வந்தான். மெலிந்த, காது பெருத்த பையன். எட்டு வயது நான்தான் அது.

அன்றைக்கு டைரக்டர், காட்டுப் பாஷை ஏதாவது பேசு என்றான். வாயில் வந்ததைச் சொன்னேன். இன்றைக்கு அதை எல்லோரும் கேட்டார்கள். "பசிக்குது. எப்ப சோறு தருவியள்?" படத்தில் ஹார்லோ தன்னோடு வந்த வெள்ளைக்காரியிடம் திரும்பி, சிங்கம் வருகிறது என்கிறான் என்று மொழிபெயர்த்தான்.

வீடே சிரித்தது. "மாமா! மெய்தானா?" என்று ரதீசன் எழும்பிவிட்டான். லெஸ்லியிடமும் ஒரு தோல் பை; அதிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினான்.

"அது நானில்லை" என்றேன். "அண்ணை. ஜீவரத்தினம்."

போன வருடம் லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் காலமானவர். காட்டுப்பக்கம் எட்டியும் பாராத மனிதர். பிறந்தது நாற்பத்தாறு, கடுதாசியிலும் அதுவே.

நான் சொன்ன ஒன்றை முதல் முறையாக எல்லோரும் நம்பினார்கள். அப்ப இவ்வளவு நாளும் விட்டது புளுகுதான் என்று ரதீசன் முதுகில் தட்டினான். லெஸ்லி அண்ணையின் பெயரை எழுதிக்கொண்டு, தான் முன்பு எழுதிய புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தான். மெய்யாகவே புத்தகக்காரன்தான்; ஹோம் ஒபிஸ் ஆளில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஞாயிறென்றால் இரண்டு மணிக்கு முந்திச் சோறு கிடையாது. இன்று பன்னிரண்டுக்கே சிவனேஸ்வரி கோப்பையில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

ஏன் இவ்வளவு வெள்ளன என்றேன்.

"நாப்பது வரியமா குசினி வாசலில நிண்டு, எப்ப சோறு எண்டு அதையேதானே கேக்கிறியள்," என்றாள். "அந்தக் குரல் எனக்குத் தெரியாதே? சாப்பிடுங்கோ."

முதலையைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.