இன்னொரு ஸ்பாஞ்ச்

என்னங்க,

வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு.

மீன்தொட்டி ஃபில்டர்ல இன்னொரு ஸ்பாஞ்சும் மீன் கழிவுல அடைச்சுக்கிச்சு. அதையும் நீங்களே கழுவுங்க. குழாய்த் தண்ணி மட்டும் வேண்டாம். அதுல இருக்கற குளோரின், கழிவைச் செடிக்கு உரமாக்கற நல்ல கிருமியைக் கொன்னுடும். தொட்டித் தண்ணியையே வாளியில மொண்டு, ரெண்டு தடவை பிழிஞ்சா போதும். வெள்ளையாகற வரைக்கும் தேய்க்க அது உங்க பனியன் இல்ல. பிழிஞ்ச தண்ணியைத் தக்காளிச் செடிக்கு ஊத்திடுங்க.

நேத்து முதல் ஸ்பாஞ்சை நீங்க குழாயில கழுவினதுக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மீனெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

பி.கு. போன வருஷம் ஆறு மீன் செத்தப்ப வெயில்தான் காரணம்னு சொன்னேனே, அது பொய். நான் சோப்புப் போட்டே கழுவினேன். சிரிக்கறதுன்னா நான் வர்றதுக்குள்ள சிரிச்சு முடிச்சுடுங்க.