பெட்டிக்குச் சந்தனம்

இன்று ஆயுத பூஜை. கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் சந்தன வாசம் மூக்கில் ஏறியது. கூடவே எரிச்சலும் ஏறியது. அட்டெண்டர் கிண்ணத்தோடு நின்றார். "சார், இந்த வருசமும் பெட்டிக்குத்தான் பொட்டு வைக்கணுமா?" ஆமாம் என்றேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்திறங்கிய மரப்பெட்டிக்குள்ளேயே இன்னும் கிடக்கிறது.

இந்தப் பெட்டிக்கு முதல் பூஜையைப் போட்டது, இதே ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த நீர்தான். "பெட்டியப் பிரிச்சதும் மொத வேலை நம்ம சாயத் தண்ணிதாம்வே" என்று சொல்லிக் கற்பூரம் காட்டினீர். சங்கரன்கோவில் தறிகளுக்கு நூல் சாயம் போடும் பட்டறைகளின் கழிவுநீரைத் தெளிய வைக்க, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களை உருவாக்கியிருந்தீர். துகளைப் படம் எடுத்துக் காட்டினால்தான் அடுத்த நிதி வரும். அதற்குத்தான் அந்தக் கருவி.

கருவிக்குப் பணம் கொடுத்தது ஒரு துறை. அதை நிறுத்துவதற்கு அதிர்வில்லாத அறை கட்டித் தர வேண்டியது இன்னொரு துறை. அறைத் திட்டத்தை நடுவில் வேறொரு அரசுத் திட்டத்தோடு சேர்த்தார்கள்; சேர்த்ததில் நம் அறை காணாமல் போனது. அறை இல்லாமல் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்றது கம்பெனி. உத்தரவாதக் காலமோ பெட்டிக்குள்ளேயே முடிந்துபோனது. துறைகளை ஒருங்கிணைக்க ஒரு குழு வந்தது. புளியங்குடி எலுமிச்சம்பழ ஜூஸைக் குடித்துவிட்டு, பெட்டிக்கு மாலை போட்டு, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அறிக்கையில் அந்தப் படத்துக்குக் கீழே 'செயல்பாட்டில் உள்ள கருவி' என்று அச்சாகியிருந்தது. நீர் சிரித்தீர். "அணுவப் பாக்குத மெசினு ஆனைத் தண்டிப் பெட்டிக்குள்ள கெடக்கு. அதையும் போட்டோ புடிச்சிட்டானுவ பாரும்."

பிறகு மாதிரிகளை மடியில் வைத்துக்கொண்டு, இதே போன்ற கருவி ஓடிக்கொண்டிருந்த மதுரைக்கு பஸ் ஏறினீர். அங்கே உம் முறை வருவதற்குள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. படத்தில் கட்டிதான் தெரிந்தது. செய்முறையே தவறு என்று எழுதி நிதியை நிறுத்தினார்கள். நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம் கேட்டீர்: "நெசமாவே நான் செஞ்சதுதான் தப்பா வே?" இல்லை என்றேன். நீர் நம்பவில்லை. அந்தச் சந்தேகத்தோடேயே போய்விட்டீர்.

போன வாரம் அதே குழுவிலிருந்து போன். அறைக்கு இடம் ஒதுக்கிவிட்டார்களாம். செங்கல் வைப்பதற்கு முன்பே பெயர்ப்பலகை திறக்கிறார்களாம். உம் பெயரையே வைக்கிறார்களாம். உம் மனைவியிடம் சம்மதம் வாங்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். கூசிக்கொண்டே போய்ச் சொன்னேன். உம் மனைவி தலையாட்டி மறுத்தார்கள்.

"பேரெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. அவுக செஞ்சது சரியா தப்பான்னு பாத்துச் சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

அதை அப்படியே குழுவிடம் சொன்னேன். "அதுக்கு நீங்க வேற துறையைத்தான் கேக்கணும் சார்" என்றார்கள். அருவருப்பில் போனை வைத்துவிட்டேன். உம்மிடம் அன்று சொன்ன அந்த 'இல்லை'யை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதற்கு ஆதாரமாகக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை.