ஓடிலைத் தேடி வந்தவர்கள்

டிசம்பர் 2

இன்று இரண்டு கப்பல்கள். கடற்கரைச் சுவரோரம் காலையிலிருந்து நின்றேன். "நீர்வீழ்ச்சி, வெந்நீர் ஊற்று, நாலு பேர் சேர்ந்தாப் போதும், உடனே கிளம்பலாம்!" கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த பெரிய பேருந்துகள் பாதிப் பேரை விழுங்கிவிட்டன. மீதியில் பாதி, கால்நடையாகவே எங்கள் ஊர் ரோசோவின் தெருக்களைச் சுற்றக் கிளம்பிவிட்டது. எஞ்சிய கொஞ்சப் பேரும் நேராக என் தங்கை ஓடிலிடம் போகிறார்கள்.

ஓடில் கத்துவதில்லை. ஒரு சின்னப் பலகையில் வருபவர் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். அவர்களே தேடி வந்து, வெகுநாள் பழகியவளைப்போல் கட்டிக்கொள்கிறார்கள்.

வண்டி வரிசையைப் பார்த்துக்கொள்ளும் லாசரே என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "என்ன ஹெஸ்டர், தங்கச்சிக்குக் கட்டிப்பிடி வைத்தியம், உனக்கு வெறும் வெயிலா?"

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

டிசம்பர் 5

அம்மா வீட்டில் சாப்பாடு. சுட்ட சீமைப்பலா, உப்பு மீன். ஓடில் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

"நாளைக்குக் கப்பல்ல வர்ற ஒரு அம்மாவுக்கு முட்டி வலியாம். அதனால படியே இல்லாத வழியா அருவிக்குப் போறோம். அவங்க வீட்டுக்காரருக்கு அருவியே வேண்டாம், பறவை போதும். முன்னாடியே கேட்டுடுவேன்ல."

"பாத்தியா," என்றாள் அம்மா என்னிடம். "ஒவ்வொருத்தரையும் கேட்டுக் கேட்டுச் செய்யறா. நீயும் அப்படிச் செஞ்சா என்ன?"

"அந்தப் படி இல்லாத வழியை இவளுக்கு யார் காட்டினது?"

"நீதான்க்கா," என்றாள் ஓடில் மீனைப் பிட்டுக்கொண்டே. "நான் என்ன இல்லன்னா சொன்னேன்?"

அவள் இல்லையென்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பக்கத்துத் தீவான மார்ட்டினிக்கில் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு அவள் வந்து நின்றபோது இந்த வளைவுகளில் வேன் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். எந்தத் திருப்பத்தில் ஹாரன் அடிக்க வேண்டும், மழை பெய்தால் எந்தப் பாலத்தை நம்பக் கூடாது, எல்லாம் நான். இப்போது நான் அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

டிசம்பர் 9

ஓடில் புது வேன் வாங்கியிருக்கிறாள். நீலம். நான் வாங்க நினைத்திருந்த அதே நீலம்.

டிசம்பர் 14

கப்பல் இல்லாத நாள். துணி துவைக்காமல், சமைக்காமல், போனில் ஓடிலைப் பற்றிப் பயணிகள் எழுதியதையெல்லாம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது ஓடில்..." "எங்கள் திருமண நாள் என்று ஓடிலுக்கு எப்படித் தெரிந்தது..." கப்பல் ஏறும் முன்பே இதைப் படித்துவிட்டு அவளுக்கு எழுதுகிறார்களாம். பேருந்துக் கும்பலோடு போகப் பிடிக்காதவர்கள், நாலைந்து பேராய், தங்களுக்கென்றே ஒரு நாள் வேண்டுபவர்கள். அவர்களைத்தானே நானும் சுவரோரம் நின்று கூப்பிடுகிறேன்?

என் பெயரையும் தேடிப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில் இருந்தது. "ஹெஸ்டர் நன்றாக ஓட்டினார்."

அவ்வளவுதான். நன்றாக ஓட்டினாராம்.

டிசம்பர் 21

கப்பல் இன்று சீக்கிரமே வந்துவிட்டது. ஓடிலை இன்னும் காணோம். முதலில் இறங்கியவர்களில் வயதான ஒரு தம்பதி. கணவர் நல்ல உயரம், வெள்ளைத் தாடி, கறுப்புக் கண்ணாடி. மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். எனக்கும் ஓடிலுக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. அவள் படத்தைப் பார்த்திருப்பார்.

"ஓடில்தானே?"

ஆமாம் என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. யோசித்தேன். ஒரு மூச்சு விடும் நேரம் நன்றாகவே யோசித்தேன். லாசரே பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியும். ஒரு நாளாவது அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு ஆளில்லாமல் நிற்கட்டும் என்று தோன்றியது. தோன்றிய கையோடு வேன் கதவைத் திறந்துவிட்டேன். காசுக்காக இல்லை — அவர்கள் முன்பே ஓடிலுக்குக் கட்டிவிட்டார்கள். அதை யாரிடம் சொல்ல? சொன்னால்தான் இன்னும் அசிங்கம்.

டங்கன், ஐலீன். ஸ்காட்லாந்துக்காரர்கள். எல்லோரையும் போல முதலில் மோர்ன் புரூஸ் மேட்டுக்குக் கூட்டிப்போனேன். தகரக் கூரைகள், கடல், கப்பல் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும் இடம். வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். "அதோ பாருங்க, உங்க கப்பல். பொம்மை மாதிரி இல்ல?"

ஐலீனின் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? கண்ணே தேவைப்படாத இடமாப் பாத்து வெச்சிருக்கேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். கப்பல் ஒரு பக்கம் இருக்க, அவர் முகம் ஒரு மரத்தைப் பார்த்தபடி இருந்தது.

அடிப்பாவி, அடிப்பாவி. வெயிலுக்குப் போட்ட கண்ணாடி என்றல்லவா நினைத்தேன்.

"விடு ஐலீன்," என்றார் அவர். "காத்து நல்லா இருக்கு. உயரத்துல நிக்கிறோம்னு தெரியுது."

போன் கையில்தான் இருந்தது. ஓடிலைக் கூப்பிட்டிருக்கலாம். 'நான் தப்புப் பண்ணிட்டேன், நீ என்ன ஏற்பாடு பண்ணி வெச்சிருக்க?' என்று ஒரு வார்த்தை. கூப்பிடவில்லை. அவளிடம் கேட்பதைவிட நானே எதையாவது செய்து தொலைப்பது மேல் என்று பள்ளத்தாக்குப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

வழியில் நிறுத்தி, வாசனைக்குப் பேர்போன பே மரத்து இலையைப் பறித்து, கசக்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொக்கோக் காய் ஒன்றைப் பாறையில் அடித்து உடைத்து, வெள்ளைச் சதையோடு ஒரு கொட்டையைக் கொடுத்தேன். "கடிக்காதீங்க, சப்புங்க." குழந்தையைப்போல் சப்பினார். வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் வாட்டன் வேவன் ஊரை நெருங்கியதும் கந்தக நாற்றம் வண்டிக்குள் வந்தது. ஐலீன் மூக்கைப் பொத்திக்கொள்ள, அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என் வேதியியல் கூடம்! இந்த நாத்தத்துக்குத்தான் பசங்க என்னைத் திட்டுவானுங்க." பள்ளிக்கூட வாத்தியாராம். கண் போனது ஓய்வு பெற்ற பிறகாம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கே விளங்கவில்லை. சேம்புத் தோட்டத்துக்குள் இறங்கி, என் பாறைக்குக் கூட்டிப்போனேன். கணவன் விட்டுப் போன வருடம் நான் கண்டுபிடித்த இடம். மலையிலிருந்து வரும் குளிர்ந்த ஓடையும் ஊற்றிலிருந்து வரும் கொதிநீரும் இரண்டு பாறைகளுக்கு நடுவில் சேரும். யாரையும் அங்கே கூட்டிப்போனதில்லை. அவரை உட்காரவைத்து ஒரு கையைக் குளிர் நீரிலும் மறுகையைச் சுடுநீரிலும் வைத்தேன். திடுக்கிட்டார். பிறகு இரண்டு கைகளையும் மெல்ல ஒன்றையொன்று நோக்கி நகர்த்தினார்.

"இங்க," என்றார். "இல்ல... இங்கதான் மாறுது."

காட்டுக்குள்ளிருந்து மலைச் சீட்டிக்காரன் பறவை ஒரே ஒரு நீண்ட சுரத்தை இழுத்துவிட்டு நிறுத்தியது. அவர் பேசாதே என்று விரலைத் தூக்கினார். ஐலீன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

திரும்பி வந்ததும் ஐலீன் மிளகாய்ச் சாஸ் வாங்கக் கடைப் பக்கம் போனார். டங்கன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"உங்க பேர் என்ன?"

நான் இருக்கையில் கிடந்த இலைத் துணுக்குகளைத் தட்டிவிட்டேன்.

"ஓடில் எனக்குக் குரல்லதான் பதில் அனுப்புவாங்க. நான் படிக்க முடியாதுன்னு. காலைல நீங்க பேசினதுமே அவங்க இல்லன்னு தெரியும். அவங்க அனுப்பின ஆள்னு நினைச்சுக்கிட்டேன். மேட்டுல நின்னு 'அதோ பாருங்க'ன்னீங்க பாருங்க, அவங்க அனுப்பலன்னு அப்பப் புரிஞ்சுது."

"ஹெஸ்டர்," என்றேன். "அவ அக்கா."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நான் அவங்ககிட்டச் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

நானே சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 22

ஓடில் போன் செய்தாள். "நேத்து என் ஆளுங்க வரவே இல்லக்கா. மத்தியானம் வரைக்கும் நின்னேன். கப்பல்ல உடம்புக்கு ஏதும் முடியாமப் போச்சோ என்னவோ, பாவம்."

"இருக்கும்" என்றேன்.

டிசம்பர் 25

கோயிலில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் அன்று எதற்கு என்று எனக்கு நானே ஒரு சாக்கு.

டிசம்பர் 29

ஐலீன் எழுதிவிட்டார். எத்தனை பெரிதாக! இலை, கொக்கோ, பாறை, பறவை, ஒன்றையும் விடவில்லை. "என் கணவர் பார்வை இழந்தபின் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நன்றி, ஓடில்."

நன்றி, ஓடில்.

என் பாறை. என் பறவை. அவர் கையைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தது இந்தக் கை. என் வாழ்க்கையிலேயே நான் செய்த நல்ல வேலை அவள் பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறது. டங்கன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை போலிருக்கிறது, எனக்காகக் காத்திருக்கிறார். யார்மேல் கோபப்படுவது? நான்தானே அவள் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தெரிகிறது. தெரிந்தும் வயிறு எரிகிறதே!

ஜனவரி 2

ஓடில் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னிக்கே லாசரே சொல்லிட்டான்," என்றாள். "நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். அதுக்குத்தான் போன் பண்ணேன். இருக்கும்ங்கற!"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"படகுக்காரர் அவருக்காகக் காத்திருந்தார் தெரியுமா? கடலுக்கடியிலேர்ந்து குமிழி வருதுல்ல, அங்க தண்ணிக்குள்ள காதை வெச்சாச் சத்தம் கேக்கும். அதைக் கேக்க வைக்கணும்னு எத்தனை நாளாப் பேசி வெச்சிருந்தேன். உன் பாறை பெரிசா, என் குமிழி பெரிசான்னு எனக்குத் தெரியாது. அந்த மனுஷனுக்கு ரெண்டும் கிடைச்சிருக்கும். நீ கெடுத்த."

"எல்லாரும் உன்னையே தேடி வந்தா நான் என்னடி பண்றது?" என்று கத்திவிட்டேன். நல்ல பதில் இல்லை. ஆனால் உண்மையான பதில்.

அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். பிறகு குரலை இறக்கி, "அந்தப் பாறை எங்க இருக்கு?" என்றாள்.

"ஏன்?"

"எல்லா வழியும் எனக்குக் காட்டினேன்னு அம்மாகிட்டச் சொல்லிக்கற. இதை ஏன் காட்டல?"

"அது என்னோடது."

"முன்னப் பின்னத் தெரியாதவங்களுக்குக் காட்டினியே! நான் உனக்கு யாருக்கா?"

அவள் கண் கலங்கியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நீல வேன் திருப்பத்தில் மறையும்வரை வாசலிலேயே நின்றேன். ஓடிலுக்கு — பொறாமை. என்மேல். வெட்கக்கேடு, எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது.

ஜனவரி 3

டங்கனுக்கு, நான் சொல்லும் முன்பே ஓடிலுக்குத் தெரிந்துவிட்டதை நானே பேசிக் குரலாக அனுப்பினேன். பாதியில் அழுகை வந்தது. அழிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 6

ஐலீன் எழுதியதற்குக் கீழே ஓடில் பதில் எழுதியிருக்கிறாள், ஊர் உலகம் பார்க்க. "அன்று உங்களை அழைத்துச் சென்றது நான் அல்ல. என் அக்கா ஹெஸ்டர். நன்றி முழுவதும் அவருக்கே. இந்தத் தீவை எனக்குக் காட்டியவரும் அவர்தான்."

நான் திருடினேன் என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் நல்லவளாக இருப்பதுகூட எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவள் என்னோடு பேசுவதில்லை. அம்மா வீட்டுக்கு நான் வரும் நாளில் அவள் வருவதில்லை. அவள் நல்லவளாய் வந்து நிற்பதைவிட இது எவ்வளவோ தேவலை என்று நினைத்தேன். இல்லை. தேவலை இல்லை.

ஜனவரி 24

கடற்கரைச் சுவரோரம் ஒரு பெண்மணி வந்து, "ஹெஸ்டர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். கையைக் குலுக்கினார். கட்டிப்பிடிக்கவில்லை. பரவாயில்லை. லாசரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிப்ரவரி 11

மழை. கப்பல் உள்ளே வராமல் திரும்பிவிட்டது. ஓடில் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று ஹாரன் அடித்தேன். ஜன்னல் திரை அசைந்தது. அவள் வெளியே வரவில்லை.

மார்ச் 18

கப்பல்கள் குறைந்துவிட்டன. இன்று ஒன்றுமில்லை. மறுபடி போய் ஹாரன் அடித்தேன். "என்னவாம்?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாள். "செருப்பு வேண்டாம், வழுக்கும். ஷூ போட்டுட்டு வா" என்றேன். நெடுநேரம் கழித்து வந்து ஏறினாள். வழியெல்லாம் நான் வண்டி ஓட்டுவதைக் குறை சொன்னாள்.

சேம்புத் தோட்டத்தைத் தாண்டி இறங்கினோம். அவளே கைகளை நீரில் வைத்துப் பார்த்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

"என் ஆளுங்கள இங்க கூட்டிட்டு வரலாமா?"

"கூடாது."

"சரி," என்றாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

மன்னிப்பு நானும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு ஓடைக்கும் நடுவில், நான் எப்போதும் உட்காரும் கல்லில் போய் உட்கார்ந்தாள். வெயில் அவள் தோளில் விழுந்தது. அந்த இடமே அவளுக்காகச் செய்து வைத்ததுபோல் இருந்தது. எத்தனை வருடம் நான் உட்கார்ந்தும் இப்படிப் பொருந்தியிருக்கமாட்டேன். அதுவும் பொறுக்கவில்லை எனக்கு.

"தள்ளி உக்காரு," என்றேன். தள்ளினாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.