இரண்டு விரல் கூடுதல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சிட்டுவும் நன்றாக இருக்க வேண்டும், முதலில் அதுதான். இங்கே அம்மா நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு நிற்கிறது. நானும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன், நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். உன் தம்பிக்கு வேலையில் இடம் மாற்றிவிட்டார்கள், வாரக் கடைசியில்தான் வருகிறான், வந்ததும் அழுக்குத் துணி மூட்டையை அம்மா முன்னால் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துவிடுகிறான். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது. இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என் குரலைக் கேட்டாலே சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க என்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தச் சரிப்பாவைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் செய்து அனுப்பிய நாற்காலி விஷயம்தான். சிட்டுவின் மோவாயில் போட்ட தையலைப் பிரித்தாகிவிட்டது, தழும்பு பெரிதாகத் தெரியாது என்று டாக்டர் சொன்னாராம், அம்மா சொன்னாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நீ பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியின் பக்கச் சட்டத்தில் துளையைத் தேடினாயாம், இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, நீ குனிந்து தேடுகிற நேரத்திலேயே குழந்தை முன்னால் வழுக்கி விழுந்துவிட்டாளாம். அப்பா துளை போட மறந்துட்டாரோ என்னமோ என்று அம்மா இழுத்தாள். நான் ம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த ம்மும் பொய்தான், அதைச் சொல்லத்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன்.

நான் மறக்கவில்லையம்மா. உனக்கு அது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். துளை போட்ட அன்றைக்கே வீடியோவில் உனக்குக் காட்டினேன், நீ கைதட்டினாய், சிட்டுவும் உன்னைப் பார்த்துத் தட்டினாள். நீ கேட்டதே ஒன்றுதான். அப்பா, அவ இப்பல்லாம் மடியில உக்கார மாட்டேங்குறா, எங்ககூட மேசையில சமமா உக்காந்து சாப்பிடணுமாம், கடையில இருக்கிறதெல்லாம் ஆஸ்பத்திரி சாமான் மாதிரி இருக்கு, நீங்க செஞ்சு தாங்க என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வீட்டில் என் மரவேலையை யாராவது கேட்டு வாங்கியிருக்கிறார்களா? நான் செய்த முக்காலிக்கு அடியில் இன்றைக்கும் மடித்த காகிதம்தான் நிற்கிறது, அலமாரியில் அம்மா துண்டுக்கு மேல் கனமாக எதையும் வைப்பதில்லை. சிட்டுவுக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் சொன்ன அளவுகளை அப்படியே அனுப்பியிருந்தாய். முதுகும் காலும் பலமில்லாத குழந்தை, பாதம் பலகையில் பதிய வேண்டும், இடுப்பில் பெல்ட் வேண்டும், இரண்டும் இருந்தால் தானாக நிமிர்ந்து உட்காருவாள் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருந்தாய். ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாய்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் பட்டறைதான் உனக்குத் தெரியுமே, ஸ்கூட்டர் நிறுத்துகிற கொட்டகை, தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும், போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்து ஒரு யோசனை சொல்லாமல் போக மாட்டார்கள். எதிர்வீட்டுத் தையற்காரர் டீ டம்ளரோடு வந்தார். முதுகுப் பலகையில் நான் செதுக்கியிருந்த சிட்டுக்குருவியைப் பார்த்துக் கோழிக்குஞ்சு பிரமாதம் என்றார், அது போகட்டும். பிறகு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்து, என்ன சார் இது, பெல்ட் மாட்டவா, பாப்பாவுக்கு ஏதாவது என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். நான் உடனே, அட அதுவா, பார்சலுக்குக் கயிறு கட்டுறதுக்குங்க என்றேன். கொஞ்சமும் திக்காமல் வந்தது. பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதித்தே காலம் தள்ளியவன் நான், ஜன்னல் வழியாப் பறந்துடுச்சு சார், குழந்தை தின்னுடுச்சு சார் என்று எத்தனை புளுகைக் கேட்டிருப்பேன். ஒருவன்கூட என்னளவுக்கு முகம் மாறாமல் சொன்னதில்லை.

அவர் போனதும் அதே மரத்தில் நான்கு சின்னத் துண்டுகள் சீவி, பசை தடவித் துளைகளில் இறக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வார்னிஷ் அடித்துவிட்டேன். என் கையால் நான் அவ்வளவு சுத்தமாக எதையுமே செய்ததில்லை. முக்காலி ஆடும், அலமாரி சாயும், அந்த அடைப்பில் மட்டும் ஒரு முடி நுழையாது. கால் பலகையையும் விட்டுவிட்டேன், மற்ற பிள்ளைகளின் நாற்காலியில் அது இருப்பதில்லையே. அதோடும் கை நிற்கவில்லை. நாற்காலிக் கால்களின் உயரத்தில் இரண்டு விரல் கூட்டினேன். உனக்கு கவுன் தைக்கும்போது வளர்ற பிள்ளைதானே என்று அம்மா கீழே மடித்துத் தைப்பாளே, அது மாதிரிதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கே பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், பார்சல் போய்ச் சேர்வதற்குள் குழந்தை நிமிர்ந்துவிடுவாள் என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் புளுகு. தெருவில் யார் கேட்டாலும் பேத்தி ஓடுகிறாள், ஆடுகிறாள் என்று நான் அளந்து வைத்திருந்தேன், அந்தப் பெல்ட் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். என் பேத்தியை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. விஷயம் அதுதான். அந்தக் குழந்தை என்னைத் தாத்தா என்று கூப்பிட எச்சில் வழிய எவ்வளவு பாடுபடுகிறாள், நான் அவளை நாலு துண்டு மரத்தால் மறைத்தேன்.

நீ அனுப்பிய படம் வந்தது. அதில் சிட்டு இல்லை, ரத்தம் இல்லை, அந்த அடைப்பு மட்டும் இருந்தது. வார்னிஷை நகத்தால் சுரண்டியிருந்தாய். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான்கு திட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன வயதில் விடுமுறை நாளில் என் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் பிடித்தவள் நீ, என் கைவேலை எது, கள்ளவேலை எது என்று உனக்குத் தெரியாதா? அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டாமல் ஒளித்து ஒளித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுதான் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தெருவுக்குப் பயந்துகிட்டுப் பிள்ளையக் கீழ விட்டுட்டீங்களே என்றாள்.

இன்று காலையில் தெருவைத் தாண்டிப் போனேன். பத்தடி தூரம், அதற்குள் மூன்று தடவை திரும்பி வந்துவிடலாமா என்று பார்த்தேன். தையற்காரரிடம், அன்னைக்குச் சொன்னது பொய்யிங்க, என் பேத்தியால பிடிமானம் இல்லாம உக்கார முடியாது, பெல்ட்டுக்குப் போட்ட துளையை நான்தான் அடைச்சேன், குழந்தை விழுந்துட்டா என்றேன். அவர் மிஷினை நிறுத்தினார். அனுதாபமாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மனுஷன், ஏன் சார், அன்னைக்கே சொல்லியிருந்தா உறுத்தாத துணியா வச்சு நானே பெல்ட் தச்சிருப்பேனே, பாப்பாவுக்கு என்ன கலர் புடிக்கும் என்று கேட்டார். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டுச் சொல்றேன் என்று வந்துவிட்டேன்.

இனி நடப்பது உன் முடிவு. என் கையால் வேண்டாம் என்று தோன்றினால் யோசிக்காமல் கடையில் வாங்கிவிடு, ஆஸ்பத்திரி சாமான் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, என் நாற்காலிக்காகக் குழந்தை மேசையை விட்டு எட்ட உட்காரக் கூடாது. நீ சரி என்றால், மரம் அறுத்து வைத்திருக்கிறேன், கொட்டகையில் தெருவைப் பார்த்தே வைத்துச் செய்வேன், யார் கேட்டாலும் இது எதற்குத் துளை, இது எதற்குக் கால் பலகை என்று சொல்வேன். பழைய நாற்காலியில் அவளை மறுபடி உட்காரவைக்காதே. மாப்பிள்ளையிடம் நானே பேச வேண்டும், கொஞ்சம் தைரியம் வரட்டும். நீயும் வேளைக்குச் சாப்பிடு, அவளைத் தூக்கித் தூக்கி உன் இடுப்பு போய்விடப் போகிறது.

மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். சிட்டுவுக்கு அந்த மோவாயிலேயே தாத்தாவின் முத்தம், அவள் வாங்கிக்கொண்டால்.

ஒன்று மறக்காதே. அளவைப் புதிதாக எடு, அவளை உட்காரவைத்து முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, இரண்டு காலையும் தனித்தனியாக எடு. வளர்வதற்கென்று நீயும் எதையும் கூட்டாதே. இன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாளோ, அப்படியே எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உன் அப்பா