மரம் சாயாமல் வந்த கல்பாசி

இன்று காலை மலையிலிருந்து இந்த வருஷத்துக் கல்பாசி வந்து இறங்கியது. மூட்டையின் தையலைப் பிரித்ததும் ஷெட் முழுக்க அந்த வாசனை. மழையில் ஊறிக் காய்ந்த மரப்பட்டையும் கொஞ்சம் மண்ணும் கலந்த மாதிரி. எண்ணெயில் விழுந்தால்தான் கல்பாசிக்கு வாசனை என்று பிரியாணி மாஸ்டர்கள் சொல்வார்கள். நீ ஒத்துக்கொண்டதே இல்லை. கை நிறைய அள்ளி முகத்தருகே வைத்துக்கொண்டு, "மூட்டையிலயே பேசுதுடி இது, இவங்களுக்குத்தான் காது கேக்கல" என்பாய். இன்று அள்ளியது நான். வேலை செய்யும் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மெஷினைப் போடச் சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் வண்ணாரப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நீ கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்கே போனாய். நான் வியாசர்பாடியிலிருந்து ஏதோ ஒரு கம்பெனிக்கு டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் மூலக்கொத்தளம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்து நிறுத்தினாய். "அடுத்தவன் லெட்டர எத்தினி நாளிக்கு அடிச்சிகினு இருப்ப? வா, மசாலா அரைப்போம்." சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால் இடம் பிடித்துவிட்டாய். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். அவை உறுமும்போது நம் ஷெட்டின் தகரமும் சேர்ந்து அதிரும்.

பிரியாணி மசாலா மட்டும்தான் போட்டோம். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் புளியந்தோப்பு மாஸ்டர்தான் முதலில் வாங்கியவர். நம் மசாலாவில் மற்றவர்களைவிடக் கல்பாசி தூக்கலாக இருக்கும். அதுதான் நம் பெயர். மரப்பட்டையில் படரும் அந்தப் பாசியைச் சேலத்துப் பக்கத்து மலையிலிருந்து ஒரு புரோக்கர் கொண்டுவந்து போடுவார். எங்கே எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. ஏலக்காய் எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கேட்டதில்லையே.

நீதான் முதலில் பார்த்தாய். கல்பாசியோடு பட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. காய்ந்த சருகு இல்லை. உள்பக்கம் ஈரப்பசை காயாத பட்டை. நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு அதைப் புரோக்கரிடம் நீட்டினாய்.

"இன்னாய்யா இது? பச்சை மரத்துப் பட்டை மாரி கீது?"

"ஆமா பாயம்மா. மரத்துல ஏறிக் கையால பறிச்சா எப்பப் பறிச்சு முடிக்கிறது? சாய்ச்சுட்டா படுக்க வெச்சு உரிச்சுடலாம். எல்லாரும் கேக்குறாங்க, சரக்கு வேணும்ல?"

"சாய்ச்ச மரம்?"

"அது அங்கேயே கெடக்கும். கீழ கொண்டாந்தா கேஸு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவர் போன பிறகு நீ அந்தப் பட்டையை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாய். "போய்ப் பாக்கணும்டி" என்றாய்.

போனோம். சேலத்தில் இறங்கி இரண்டு பஸ் மாறி, அதற்கு மேல் நடை. புர்காவைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினாய். மேலே நாம் பார்த்ததை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், முழுதாகச் சொல்ல வந்ததில்லை. இரண்டு பேர் கைகோர்த்தாலும் அணைக்க முடியாத மரங்கள் சரிவில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. உடம்பு முழுக்க உரித்திருந்தார்கள். சிலவற்றில் இலைகூட இன்னும் முழுதாக வாடவில்லை. மரம் நின்ற இடங்களில் வெயில் நேரே தரையில் அடித்தது. ஈரமாக இருந்த மண் வெடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடிய தடம் ஒன்றில் கல் மட்டும் இருந்தது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நீ கேட்டாய், "இந்தப் பாசி மறுபடி எப்ப வரும்மா?"

"மரமே இல்லியே, எங்க வரும்?" என்றாள் அவள்.

நீ ஒரு அடிமரத்தில் உட்கார்ந்துகொண்டாய். "நம்ம மசாலாடி இது" என்றாய்.

ஊருக்குத் திரும்பியதும் நமக்குள் பெரிய சண்டை. இனி அந்தச் சரக்கே வேண்டாம் என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "நாம வாங்கறது ரெண்டு மூட்டை. எண்ணூர் ரோட்டு மசாலாக் கம்பெனிக்கு லாரி லாரியா போவுது. நாம நிறுத்தினா மரம் நிக்குமா?" என்று கேட்டேன். ஷெட்டில் நான்கு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது நம் மெஷின் ஓடுவதால்தான்.

"நிக்காது," என்றாய். "நிக்கலன்னு தெரிஞ்சும் என்னால அரைக்க முடியாதுடி. நீ அரைக்கிறதானா அரை, நான் பாத்துகினு இருக்கேன்."

நானும் அரைக்கவில்லை. கல்பாசி இல்லாமல் போட்ட மசாலாவைப் புளியந்தோப்பு மாஸ்டர் திருப்பி அனுப்பினார். "பேஜாரு பண்ணாத பாயம்மா. இது பிரியாணியா, குஸ்காவா?" என்று ஆள் மூலம் சொல்லிவிட்டார். அவர் போனதும் மற்றவர்களும் போனார்கள். வாரத்தில் பாதி நாள் மெஷின் நின்றது. வேலை செய்தவர்களில் இரண்டு பேர் ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன அன்று நீ சாப்பிடவில்லை.

வழி கிடைத்தது அதே மலையில்தான். அந்த ஆடு மேய்க்கும் பெண்ணை மறுபடி தேடிப் போனோம். பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த மரங்களை மழைக்கு முன்னால் கவாத்துப் பண்ணுவார்கள், வெயில் இறங்கக் கிளைகளைக் கழிப்பார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கழித்த கிளைகளிலும் பாசி இருந்தது. விறகோடு விறகாக அது அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளும் அவள் ஊர்ப் பெண்களும் அதைப் பறித்துக் காயவைத்துத் தருவதாக முடிவானது. வருஷத்துக்கு ஒருமுறைதான். பழைய அளவில் பாதிகூடத் தேறாது. பாதியை வைத்து அந்த ருசியைக் கொண்டுவர நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். லவங்கப்பட்டையைக் கூட்டுவாய், மராட்டி மொக்கைக் குறைப்பாய், சமைப்பாய், கீழே வைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாய். உன் வீட்டில் பிள்ளைகள் பிரியாணி என்றாலே ஓடினார்கள். கடைசியில் ஒரு தேக்சா பிரியாணியைத் தூக்கிக்கொண்டு நேராகப் புளியந்தோப்புக்கே போனாய். மாஸ்டர் இரண்டு வாய் சாப்பிட்டார். தலையை ஆட்டினார். "முன்ன மாரி இல்ல. ஆனா நல்லா கீது. அனுப்பு" என்றார்.

இதோடு விட்டிருந்தால் நீ நீயாக இருந்திருக்க மாட்டாய். எண்ணூர் ரோட்டுக் கம்பெனிக்கும் போகவேண்டும் என்றாய். அங்கே சரக்கு வாங்கும் பொறுப்பில் இருந்த மேனேஜர் மரியாதையான மனிதர். நம்மை உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"நாங்க வாங்குறது எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்மா. ஒவ்வொரு மூட்டையும் எங்கேர்ந்து வருதுன்னு எப்படிப் பாக்குறது?"

"நாங்க கத்தினா யாரு சார் கேக்கறான்? நீங்க ஒரு வார்த்த கேட்டீங்கன்னா மலை வரிக்கும் கேக்கும்," என்றாய் நீ.

அவர் யோசித்தார். பட்டை ஒட்டிய கல்பாசியை இனி எடுப்பதில்லை என்று கம்பெனியில் உத்தரவு போட்டார். அந்தச் செய்தி வந்த அன்று ஷெட்டில் எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தாய். சிறு பிள்ளை மாதிரி இருந்தது உன் முகம்.

அடுத்த கவாத்துக்கு மலைக்குப் போனபோது புரோக்கரின் களத்தைக் கடந்து போனோம். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கல்பாசியிலிருந்து பட்டையைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுத்தமான சரக்கு ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம் மலையாக. சரிவில் மரங்கள் முன்போலவே விழுந்துகொண்டிருந்தன. மூட்டையில் பட்டை வருவது மட்டும்தான் நின்றிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தாய். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை.

அன்றோடு நீ ஓய்ந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். இரண்டே நாளில் மறுபடி அந்த மேனேஜர் முன்னால் போய் நின்றாய். "மூட்டையப் பாக்காதீங்க சார். மரத்தப் பாருங்க. ஒரு தபா எங்கூட வாங்க."

அவர் வந்தார். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் அதற்குள் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னதை என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாய். மலையடி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீ கூட்டிகினு போ. எனக்கு முடியலடி" என்றாய். உன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

அவரை நான் கூட்டிப்போய்க் காட்டினேன். விழுந்த மரம் ஒன்றின் வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கவாத்துக் கிளைகளிலிருந்து பெண்கள் பாசியை உதிர்ப்பதைப் பார்த்தார், கேள்விகள் கேட்டார். இறங்கி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தார். "பிரியாணி மசாலாவுக்கு மட்டும் இந்த மாதிரித் தோட்டங்கள்ல கவாத்துல வர்ற சரக்கையே எடுக்கச் சொல்லிப் பாக்குறேன்மா. மத்ததுக்கு மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. வருஷா வருஷம் எங்க ஆள் ஒருத்தர் வந்து பாப்பார். என்னால ஆனது அவ்வளவுதான்" என்றார்.

அவர் போன பிறகு, "ஒரே ஒரு மசாலாதானா?" என்று நான் முணுமுணுத்தேன்.

"நாம மட்டும் எத்தினி மசாலா போடறோம்?" என்றாய்.

அந்தக் கம்பெனிக்கு முதல் லோடு இறங்கும்போது நீ ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருந்தாய். சொன்னேன். கண்ணைத் திறக்காமல் என் கையை அழுத்தினாய். அந்த வாரமே போய்விட்டாய். மய்யித்து எடுத்தபோது பெண்களோடு உன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். தெருமுனை வரை ஆண்கள் தோள் மாற்றிக்கொண்டே போனார்கள். மேனேஜரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு உன் வீட்டுக்காரர் நம் மசாலாவில்தான் சமைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு மலைக்கு நான்தான் போகிறேன். இந்த வருஷம் கம்பெனி ஆளும் வந்தார், பார்த்தார், போனார். அவர் போன பின் நான் மட்டும் நின்றேன். ஆடு மேய்க்கும் அந்தப் பெண் என்னைச் சரிவின் மறுபக்கம் கூட்டிப்போய் ஒரு மரத்தைக் காட்டினாள். சாம்பல் நிறப் பாசி கிளை கிளையாகப் படர்ந்திருந்தது. அடிமரத்தில் கோடாலி ஒரு முறை விழுந்த தடம் இருந்தது. தடத்தின் ஓரங்கள் மூடிக்கொண்டு வந்தன.

"வெட்ட வந்தாங்க. ஒரு போடு போட்டுட்டு விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

"ஏன்?"

"தெரியலங்க."

எனக்கும் தெரியவில்லை. உன்னால்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. புரோக்கர் வேறு சரிவுக்கு மாறியிருக்கலாம், கோடாலிக்காரனுக்கு அன்று உடம்பு முடியாமல் போயிருக்கலாம். தெரியாமலேயே அடுத்த வருஷமும் ஏறத்தான் போகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான் போலிருக்கிறது.

உனக்காக ஓத எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் நிற்பதுபோல அந்த மரத்தின் முன்னால் கைகூப்பி நின்றேன். பிறகு உன் பெயரைச் சொன்னேன், பள்ளிக்கூட வாசலில் நின்று கூப்பிடுவேனே, அந்தக் குரலில். அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஆடுகளும் நிமிர்ந்து பார்த்தன. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இறங்கினோம்.