சுனாபட்டியில் நின்ற புள்ளி

செவ்வாய், இரவு

வீட்டில் எல்லார் போனிலும் அந்த ஆப்பைப் போட்டது நான்தான். யார் எங்கே இருக்கிறார்கள் என்று மேப்பில் புள்ளி காட்டும். இன்று நான் வந்த லோக்கல் ரயில் சுனாபட்டியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. தாராவி வந்து வீட்டுக்குள் நுழைந்ததுமே என் வீட்டுக்காரர் என் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார்.

“ஏட்டி, சுனாபட்டில எவன் வீட்டுல இருந்த?”

“சிக்னல் விழாம வண்டி நின்னுட்டு.”

மறுபடி கையை ஓங்கினார். அடுப்படியில் கிடந்த தோசைக்கல்லை எடுத்து மண்டையில் ஒரே போடு போட்டேன். ரத்தம் கொட்டக் கொட்டக் கொழுந்தன் டாக்சியில் கொண்டு போனான்.

அவர் புள்ளி இப்போது ஆஸ்பத்திரியில் நிற்கிறது. மூன்று மணி நேரமாக அசையவில்லை. அசையாத புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்னென்னவோ தோன்றுகிறது. நகர்ந்து தொலையேன், பாவி.